சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை

வீட்டாருக்குத்தான் முதலில் தெரியும்

முதுமையில் வரும் காது மந்தம் மெதுவாக வருவதால், அது உள்ளவருக்கே தெரிவதில்லை. டி.வி. சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறும். போன் வந்தால், "நீயே பேசிடும்மா" என்று கைமாற்றிவிடுவார். கல்யாண மண்டபத்தில் மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துவைப்பார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். நாமோ பிடிவாதம், ஞாபகமறதி என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது பெரிய அநியாயம்.

கத்தினால் ஏன் புரிவதில்லை?

உட்காதில் நத்தைக்கூடு வடிவில் இருக்கும் காக்ளியாவில், காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் உண்டு. பிறவியோடு வந்தவை, அழிந்தால் மறுபடி முளைக்காது. வயதாகும்போது முதலில் கெடுவது கூர்மையான ஒலிகளை வாங்கும் செல்கள். உயிரொலிகள் கனமானவை, அவை தப்பிவிடும். ச, த, க, ட போன்ற மெல்லிய ஓசைகள்தான் தொலையும். சட்டை, கட்டை, தட்டை எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். கத்தும்போது உயிரொலிதான் பெரிதாகிறது. தொலைந்த ஓசை தொலைந்ததுதான். கேட்பவருக்கோ நம் குரல் திட்டுவதுபோல் படும். மெல்ல மெல்லப் பேச்சையே ஒதுக்கிவிடுவார். இது பேச்சோடு நிற்பதில்லை: மறதிநோய் பற்றி ஆராய்ந்த, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், அந்நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளில் காது மந்தத்தையும் 2017-லேயே சேர்த்தது.

உடனே ஓட வேண்டிய நேரம்

ஓரிரு நாளில், அதுவும் ஒரு காது மட்டும் திடீரென அடைத்துப்போனால் சளி என்று விட்டுவிடாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். முதல் சில நாட்களில் ஸ்டீராய்டு தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். சீழ் வடிந்தாலும், ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் போடும்போது காதில் இரைச்சல் கேட்டாலும் சொல்லிவிட வேண்டும். வெறும் குறும்பி அடைப்பு என்றால் மருத்துவர் எடுத்துவிடுவார். பட்ஸ் அதை உள்ளேதான் தள்ளும். சூடாக்கிய எண்ணெயும் வேண்டாம்.

காது மெஷினுக்குப் பழகுவது

ஆடியோகிராம் பரிசோதனை வலிக்காது. எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று அதில் தெரியும். அதற்கேற்பத்தான் கருவியை அமைப்பார்கள். ஆகவே இன்னொருவர் மெஷினை வாங்கி மாட்டுவது வீண். முதல் வாரங்களில் தட்டு வைக்கும் சத்தம்கூட இடிபோல விழும், சொந்தக் குரலே அந்நியமாக இருக்கும். பலர் அதோடு பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். நெடுநாள் கேட்காத ஓசைகளுக்கு மூளை பழக அவகாசம் தேவை. அமைதியான அறையில் ஒருவரோடு பேசித் தொடங்கி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தொந்தரவு தொடர்ந்தால் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அமைப்பை மாற்றித் தருவார்.

நாம் பேசும் விதம்

அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காமல் எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள். டி.வி.யை அணையுங்கள். முதலில் "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பியபின் தொடங்குங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திருப்பாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்: "மருந்து சாப்டாச்சா?" எட்டவில்லை என்றால், "காலை மாத்திரை போட்டீங்களா?"