பழைய கிதாரை மதிப்பிடுதல்

பழைய கிதாரின் விலையை மரம், ஆண்டு, நிலை ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் மார்ட்டின் டி-28 கிதாரில் 1969 வரை பிரேசில் ஈட்டி மரமும், பிறகு இந்திய ஈட்டியும் பயன்பட்டன. நீலகிரியின் தேவாலா, கூடலூர்ப் பகுதிக் காடுகளில் வளர்வது இந்திய ஈட்டி. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகம் 1992 இல் தடைசெய்யப்பட்டதால், அம்மரத்தாலான கிதாருக்கு விலை மிக அதிகம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். எனவே உள்ளே பொறித்துள்ள வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டை உறுதிசெய்ய வேண்டும்.

தேவாலா போன்ற மழை மிகுந்த ஊர்களில் ஈரத்தால் மேற்பலகை உப்பி, கம்பிகள் உயரும். பிரிட்ஜ் பெயர்ந்துள்ளதா, கழுத்து வளைந்துள்ளதா, பலகை வெடித்துள்ளதா எனவும் பார்க்க வேண்டும். அதே மாதிரி, அதே ஆண்டுக் கிதார் நல்ல நிலையில் விற்ற விலையிலிருந்து பழுதுபார்க்கும் செலவைக் கழித்தால் கிடைப்பதே நியாயமான விலை.