கருப்பை கைவிரித்தால்

குழந்தை அழுதாகிவிட்டது. பிரசவ அறையில் எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, வெளியே காத்திருக்கிறவர்களிடம் யார் போய்ச் சொல்வது என்று ஒரே பரபரப்பு. ஒரு செவிலியர் மட்டும் தாயின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. தொப்புளை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தி எதையோ தேடுகிறார். கல்லுருண்டை போல ஒன்று தட்டுப்பட்டால் அவர் முகம் தெளிகிறது. பிசைந்த மாவு போலக் குழைந்து கிடந்தால் குரல் மாறுகிறது.

அவர் தேடுவது கருப்பையை. பத்து மாதம் சுமந்த அலுப்பில் இனி அது ஓய்வெடுக்கட்டும் என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் அதற்கு உயிர்காக்கும் வேலை ஒன்று காத்திருக்கிறது. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. அந்தப் பெண்ணின் உடம்பில் ஓடுவது மொத்தமே ஐந்தாறு லிட்டர். நஞ்சு பிரிந்து விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ஏராளமான ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. விரலை வெட்டிக்கொண்டால் ரத்தம் உறைகிறவரை துணியால் பொத்திக்கொண்டு உட்காரலாம். இங்கே உறைதலை மட்டும் நம்பி உட்கார்ந்தால் கால் மணி நேரம்கூடத் தாங்காது.

அதனால் இயற்கை வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. கருப்பைச் சுவரின் நடு அடுக்கில் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியாகத்தான் ரத்தக்குழாய்கள் உள்ளே போகின்றன. குழந்தையும் நஞ்சும் வெளியேறியதும் தசை சுருங்குகிறது. பாட்டியின் சுருக்குப்பையில் கயிற்றை இழுத்ததும் வாய் மூடிக்கொள்கிறதே, அதுபோல ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஒரு சுருக்கு விழுகிறது. மகப்பேறு மருத்துவர்கள் இந்த நார்களை ‘உயிருள்ள முடிச்சுகள்’ என்பார்கள். மருத்துவத்தில் இவ்வளவு பொருத்தமாக விழுந்த பெயர்கள் குறைவு.

இந்தப் பிடி தளர்ந்துபோவதுதான் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கின் முதல் காரணம். பத்துக்கு ஏழு பேரிடம் கோளாறு இங்கேதான். உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துண்டு, எங்காவது விழுந்த கிழிசல், உறையாத ரத்தம் ஆகியவை மற்ற காரணங்கள். இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, அதிகப் பனிக்குட நீர், நாள் கணக்கில் இழுத்த வலி என்றால் தசை களைத்துப்போகும் என்று முன்னமே எதிர்பார்க்கலாம். ஆனால் எந்த அறிகுறியும் இல்லாமல், எல்லாம் நல்லபடியாக முடிந்த பிரசவத்திலும் கருப்பை கைவிரித்துவிடுவதுண்டு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 70,000 பெண்கள் அளவில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்கு.

இவ்வளவு ரத்தம் போவது கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. துணியில் ஊறியது, வாளியில் விழுந்தது, பனிக்குட நீரோடு கலந்தது என்று அது பல இடங்களில் சிதறிக் கிடக்கும். கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறவர் அனேகமாகக் குறைத்தே சொல்வார். இதற்கு மேல் கர்ப்பிணியின் உடம்பே நம்மை ஏமாற்றும். பிரசவத்துக்கு முன்கூட்டியே ரத்தத்தைப் பெருக்கி வைத்திருக்கிற உடம்பு அது. ஒரு லிட்டர் போன பிறகும் நாடியும் ரத்த அழுத்தமும் ஓரளவு ஒழுங்காகவே காட்டும். பிறகு ஒரேயடியாகச் சரியும். ரத்தசோகை உள்ளவருக்கு அந்தச் சேமிப்பும் கிடையாது. இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு. முக்கால் லிட்டர் இழப்பை ஒருத்தி தாங்கிவிடுவாள். அதே அளவில் இன்னொருத்தி சாய்ந்துவிடுவாள்.

கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் வேலை செய்த மருத்துவர்கள் இதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்தார்கள். தாயின் இடுப்புக்கடியில் விரிப்பது. அதன் கீழ்ப்பாகம் கூம்புப் பையாகக் குறுகித் தொங்கும். பையில் அளவுக் கோடுகள் இருக்கும். ரத்தம் அதில் வடிந்து சேர, கோட்டைப் பார்த்து இத்தனை மில்லி என்று சொல்லிவிடலாம். பால்காரர் குவளை மாதிரி, அவ்வளவுதான் விஷயம். கண் மதிப்பு இந்தப் பையின் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததை ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் மூளையிலிருந்து வராமல், கிராமப் பிரசவங்களில் ஒரு மருந்தைச் சோதித்த ஆய்வின் துணைக்கருவியாக இது பிறந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அந்தக் கோடிட்ட விரிப்பு என்ன செய்யும் என்பது 2023-ல் நன்றாகத் தெரியவந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வு அது. விரிப்பால் அளப்பது, அளவு எல்லையைத் தொட்டதும் வயிற்றைப் பிசைந்துவிடுவது, கருப்பையைச் சுருக்கும் மருந்து, ரத்தம் உறைய உதவும் மருந்து, சிரை வழித் திரவம், எங்கிருந்து வடிகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது. ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, கேட்கவில்லை என்றால் அடுத்தது என்று போகிற பழைய வழக்கத்தை இது தூக்கிப்போட்டது. லிட்டர் கணக்கில் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறப்பது, சாவது ஆகிய விபரீதங்கள் வழக்கமான முறையில் 4.3 சதவீதமாக இருந்தன. புதிய முறையில் 1.6. இதில் புதிதாகக் கண்டுபிடித்த மருந்து ஒன்றுகூட இல்லை.

மருந்துகளின் கதை தனியாக எழுதத்தக்கது, இங்கே சுருக்கமாக. முதல் மருந்து ஆக்ஸிடோசின். நம் உடம்பே சுரக்கும் பொருள். அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ 1953-ல் இதைச் செயற்கையாகச் செய்து, இரண்டு வருடம் கழித்து நோபல் பரிசு வாங்கினார். குழந்தை பிறந்ததும் தொடையில் போடுகிற ஊசி பெரும்பாலும் இதுதான். குளிரில் இருக்க வேண்டிய மருந்து. நாள்கணக்கில் மின்சாரம் போய் வருகிற ஊரில் குப்பியிலிருக்கும்போதே வீரியம் இழந்துவிடும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை அங்கே கைகொடுக்கிறது. குடல்புண்ணுக்காக வந்தது, குளிர்பெட்டி கேட்காது. பெல்காம் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் இந்த மாத்திரையைக் கொடுத்துச் செய்த ஆய்வில் ரத்தப்போக்கு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஜப்பானில் ஷோசுகே, உடாகோ ஒகமோட்டோ தம்பதி 1962-ல் உருவாக்கினார்கள். பிரசவ ரத்தப்போக்கைத்தான் அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். அந்த மருந்து அதற்கே உதவுகிறது என்று இருபதாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் காட்டியபோது உடாகோ இல்லை. முந்தைய ஆண்டு, 98 வயதில் இறந்திருந்தார்.

மருந்துக்கும் மசியவில்லை என்றால் கைதான் முதல் கருவி. மருத்துவர் ஒரு கையை முஷ்டியாக மடக்கி யோனிவழியே உள்ளே வைத்துக் கருப்பையின் முன்பக்கத்தைத் தாங்குவார். மற்றொரு கை வயிற்றின் மேலிருந்து கருப்பையின் பின்பக்கத்தைச் சுற்றி வளைத்து அழுத்தும். இரண்டு கைகளுக்கு நடுவே கருப்பை பிழியப்படும்போது ரத்தம் நிற்கும். தசை செய்ய மறுத்ததைக் கை செய்கிறது. சில நிமிடத்தில் தோள்பட்டை மரத்துப்போகும். அடுத்தவர் வந்து மாற்றிக்கொள்வார். இதற்குப் பின் வருகிற கருவிகள், தையல்கள் எல்லாமே ஒரு விதத்தில் இந்தக் கைக்கு மாற்றாள் தேடியவைதான்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர் டாக்காவின் மருத்துவர் சாயபா அக்தர். உள்ளேயிருந்து அழுத்தும் பலூன்கள் பணக்கார நாடுகளில் இருந்தன. டாக்காவில் அவற்றை யார் வாங்குவது? ஓர் ஆணுறையை எடுத்து ரப்பர் குழாயின் நுனியில் நூலால் கட்டினார். அதைக் கருப்பைக்குள் வைத்து, உப்புநீரை 200-லிருந்து 500 மில்லி வரை ஏற்றினார். ஊதிய உறை கருப்பையின் உட்சுவரோடு போய் ஒட்டி அழுத்தும். 2003-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 23 பெண்கள். அத்தனை பேருக்கும் கால் மணி நேரத்துக்குள் ரத்தம் நின்றது. ஆணுறை, குழாய், நூல், உப்புநீர் இல்லாத அரசு மருத்துவமனை எது? பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. ஆனால் பெனின், மாலி நாடுகளில் மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சோதித்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. மலிவானது, புத்திசாலித்தனமானது என்பதற்காகவே ஒன்றைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பலூன் போட்ட பிறகும் அறுவை அரங்கமும் ரத்த வங்கியும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது பாதுகாப்பு.

கேரளத்தின் மருத்துவர் வாசுதேவ பணிக்கர் நேர் எதிராக யோசித்தார். சுருங்க வேண்டிய பையை உள்ளேயிருந்து ஏன் விரிக்க வேண்டும்? காற்றை உறிஞ்சினால் சுவர்கள் தாமே உள்வாங்கி ஒட்டிக்கொள்ளுமே? துளைகள் போட்ட ஒரு குழலைக் கருப்பைக்குள் வைத்து உறிஞ்சு கருவியோடு இணைக்கும் அவருடைய முறை 2017-ல் அச்சில் வந்தது. உறிஞ்சும் அதே தத்துவத்தில் அமெரிக்காவில் ‘ஜாடா’ என்ற கருவிக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. தசையின் குணத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கிலேயே உதவுகிறது.

சிசேரியனின்போது வயிறு ஏற்கனவே திறந்திருக்கும். அங்கே இன்னொரு வழி உண்டு. 1989-ல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. கருப்பையை எடுத்துவிடுவதுதான் அன்றைக்கு இருந்த கடைசி வழி. அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. சியரா லியோனில் பிறந்த மருத்துவர் கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் அவளுக்கு ஒரு தையல் போட்டார். அப்படிப் போட்ட ஐந்து பேரின் விவரத்தை 1997-ல் வெளியிட்டதும் அது அவர் பெயரோடு உலகமெங்கும் போனது.

தையல் என்றால் கிழிந்த இரண்டு ஓரங்களைச் சேர்ப்பது என்றுதான் நினைப்போம். இது சேர்ப்பதில்லை, கட்டுகிறது. புத்தகக் கடையில் இருபது புத்தகங்களை அடுக்கிச் சணலால் மேலும் கீழும் சுற்றி இறுக்கிக் கொடுப்பார்களே, அதுதான். முதலில் ஒரு சோதனை. மருத்துவர் கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்து இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடிப்பார். கால்மாட்டில் நிற்கிறவர் கீழே ரத்தம் நின்றதா என்று பார்த்துச் சொல்வார். நின்றால், கை செய்ததை நூலும் செய்யும். இவ்வளவு எளிய சோதனையை முன்னால் வைத்ததே அந்தத் தையலின் பாதி வெற்றி.

பெரிய வளைந்த ஊசி கருப்பைக் கீறலின் வலது முனைப் பக்கம், அதற்கு 3 சென்டிமீட்டர் கீழே நுழைந்து 3 சென்டிமீட்டர் மேலே வெளிவரும். நூல் கருப்பையின் வெளிச்சுவர் மேல் ஏறி, உச்சியைத் தாண்டிப் பின்புறம் இறங்கும். கீறலுக்கு நேர்பின்னால் சுவரைத் துளைத்து உள்ளே போய், குறுக்காக நகர்ந்து, இடப்பக்கம் மறுபடி பின்னால் வெளிவரும். அங்கிருந்து மேலேறி உச்சி கடந்து முன்பக்கம் இறங்கி, வலப்பக்கம் போலவே கீறலின் மேலும் கீழும் குத்தி முடியும். துணை மருத்துவர் கருப்பையை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க, இரண்டு நுனிகளையும் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். முடிந்த பின் பார்த்தால் கால்சட்டைக்குத் தோள்பட்டி மாட்டியதுபோல இரண்டு நூல்கள் கருப்பையின் மேல் நெடுக்காக ஓடும். கீறல் இல்லாத கருப்பையில், உள்ளே திறக்காமலே போடும் எளிய வடிவத்தை ஹேமன் என்பவர் 2002-ல் சொன்னார். கொரியாவின் சோ முன்சுவரையும் பின்சுவரையும் சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தைத்தார்.

இதுவும் போதவில்லை என்றால் கருப்பைக்கு வரும் தமனிகளைக் கட்டுவார்கள். அதற்கும் அப்பால் கருப்பையை எடுப்பது. அந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதுதான் ஆபத்து. இன்னொரு பலூன், இன்னொரு பாட்டில் ரத்தம், இன்னும் பத்து நிமிடம் என்று கருப்பையைக் காப்பாற்றப் போய்ப் பெண்ணை இழந்துவிடுவார்கள். எப்போது நிறுத்துவது என்பதை எந்தப் பையின் கோடும் சொல்லாது. அதைப் பக்கத்தில் நிற்கிற மூத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பி-லிஞ்ச் தையலுக்குக் கரைகிற நூல்தான் வேண்டும். பிரசவமான அன்று ஒரு கிலோ அளவு இருக்கும் கருப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். கரையாத நூல் என்றால் பை சிறுத்ததும் தொளதொளத்து வளையமாகத் தொங்கும். குடல் போய் அதில் மாட்டிக்கொள்ளக்கூடும். கரைகிற நூல் அதற்குள் தளர்ந்து, போகப் போகக் காணாமல் போய்விடும். இந்தத் தையல் போட்டவர்களில் சிலர் மறுபடியும் கருவுற்றுப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அந்த இரண்டாவது சிசேரியனில் வயிற்றைத் திறக்கிற மருத்துவர் நூலைத் தேடினாலும் கிடைக்காது. முன்பு அது இறுக்கிய இடத்தில் மெல்லிய தடம் ஏதும் தெரிந்தால் உண்டு.