புனேக்காரர்கள் விட்டுக்கொடுக்காத பையன்

உங்கள் கால்பந்து அணிக்கு ஒரே ஓர் இளம் வீரரை எடுக்கலாம் என்றால், யாரை எடுப்பீர்கள்?

புனேயின் போசரியில் ஒரு டீக்கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள், சூடான விவாதமே நடக்கும்! 2017 ஜூலையில், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணிகள் மும்பையில் கூடி இதே மாதிரிக் கேள்விக்குத்தான் விடை தேடின. அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் டிராஃப்ட். ஏலம் மாதிரி விலை ஏறவில்லை. ஒவ்வொரு வீரருக்கும் சம்பளம் முன்பே முடிவாகியிருந்தது. அணிகள் முறை வைத்து, பெயர் சொல்லி எடுத்துக்கொண்டன.

பாலேவாடி மைதானத்தில் ஆடிவந்த புனே சிட்டி அணி ஒரு பையனை டிராஃப்ட் பட்டியலுக்கே அனுப்பவில்லை. மலப்புறத்துக்காரர், ஆஷிக் குருணியன். இடது ஓரத்தில் பந்தோடு பறக்கிற வேகக்காரர். ஸ்பெயினின் வில்லாரியல் கிளப்புக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அவரை இளம் வீரர் ஒதுக்கீட்டில் புனே தக்கவைத்துக்கொண்டது. நம்ம சென்னையின் எஃப்சி-யும் அதே ஒதுக்கீட்டில் ஒருவரைக் கைவிடாமல் வைத்திருந்தது: அனிருத் தாபா.

இரண்டுமே அருமையான முடிவு!

2019 ஜனவரியில் ஆசியக் கோப்பை. அபுதாபியில் தாய்லாந்துக்கு எதிராக இந்திய அணியில் இந்த இரண்டு பேருமே களமிறங்கினார்கள். தாபா ஒரு கோலும் போட்டார். அந்த ஆட்டத்தில் இந்தியா நான்குக்கு ஒன்று என்று வென்றது.