தறி நின்றால் என்ன மிஞ்சும்?
சூரத்திலிருந்து வரும் பணம் ஒடிசா கிராமங்களில் சேமிப்பாகிறதா?

மாதச் சம்பள நாள் நெருங்கினால் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் பல வீடுகள் சூரத்திலிருந்து வரும் பணத்துக்காகக் காத்திருக்கின்றன. 1,500 கி.மீ.க்கும் அப்பால், அந்த குஜராத் நகரில் விசைத்தறி ஓட்டுகிறார்கள் இம்மாவட்டத்து ஆண்கள். 12 மணி நேர ஷிப்ட். நெய்த மீட்டருக்குத்தான் கூலி. வராத நாளுக்கு ஒரு பைசா கிடையாது.

ஒரு காலத்தில் பணம் வந்த வழிகள் இரண்டு: நூற்றுக்கு 5 ரூபாய் கமிஷன் பிடித்த மணியார்டர், அல்லது ரயிலேறிக் கையோடு கொண்டுவந்து கொடுத்த 'தப்பாவாலா'. 2014இல் ஜன் தன் கணக்குகள் வந்தன. பிறகு செல்போன் வந்தது. இன்று பணம் நொடியில் வருகிறது. ஆனால் கணக்கில் தங்குவதில்லை.

இது கஞ்சத்தின் கதை மட்டுமல்ல. 2007-08இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இப்படிப் பணம் பெற்ற கிராமக் குடும்பங்களில் சுமார் 95 சதவீதம் அதை வீட்டுச் செலவுக்குப் பயன்படுத்தின. பத்தில் ஒரு குடும்பம் கடன் அடைத்தது.

எல்லாம் கரைந்துவிட்டது என்று இதை வைத்து முடிவு கட்டுவது தவறு. மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அந்தக் கடனில் ஆயிரம் ரூபாயை அடைக்கும் குடும்பம் வருடம் 360 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. எந்த வங்கி டெபாசிட்டும் இவ்வளவு தராது. ஏழை வீட்டின் முதல் சேமிப்பு கடன் அடைப்பதுதான். அடுத்தது வீடு. 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே கரை கடந்த பைலின் புயலைக் கண்டவர்களுக்கு கான்கிரீட் கூரையின் அருமை தெரியும்.

ஆனால் அவசரத்துக்குக் கூரையைப் பிரித்து அரிசி வாங்க முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தறிகள் நின்றன, கூலியும் நின்றது. சூரத்தில் சிக்கியவர்களுக்கு ஊரிலிருந்து பணம் அனுப்ப வேண்டிய தலைகீழ் நிலைமை. கையிருப்பு இல்லாத வீட்டுக்கு மீண்டும் வட்டிக்காரர்தான் கதி. அடைத்த கடன் புதுக் கடனாக முளைத்தது.

ஆகவே இந்த வீடுகளுக்குத் தேவை, நினைத்தபோது எடுக்கக்கூடிய சிறு கையிருப்பு. வருகிற பணத்தை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்துச் செலவழிப்பவர் மனைவி அல்லது தாய். பணம் வந்த அன்றே அவர் பெயரிலுள்ள கணக்கிலோ மகளிர் குழுவிலோ ஒரு சிறு தொகை ஒதுங்கினால் போதும். தறி மறுபடி நிற்கும்போது இரண்டு மாதமாவது அடுப்பு எரியும்.