மனதுக்கு ஒரு பொங்குமாங்கடல்

குற்றாலம் பேரருவி, மலை உச்சியில் இருந்து நேராக நம் தலையில் விழுவது இல்லை. அப்படி விழுந்தால் மண்டை தாங்காது! பாதி வழியில், பாறையில், ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மேலே இருந்து பாய்ந்து வரும் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தில் விழுகிறது. அங்கே பொங்குகிறது, சுழல்கிறது, வேகம் தணிகிறது. பிறகு வழிந்து கீழே வருகிறது. அந்தப் பள்ளத்துக்குப் "பொங்குமாங்கடல்" என்று பெயர். அது இருப்பதால்தான் சிறுவர்களும் முதியவர்களும் அருவியில் நின்று குளிக்க முடிகிறது.

மனிதனுடைய மனதுக்கும் இப்படி ஒரு பள்ளம் வேண்டும். கோபமும் கவலையும் நேராகத் தலையில் விழாமல், நடுவில் ஒரு இடத்தில் வேகம் தணிய வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. காசு செலவு இல்லை. "மைண்ட்ஃபுல்னஸ்" என்று மேல்நாட்டார் சொல்கிறார்கள். தமிழில் கவனப் பயிற்சி என்று சொல்லலாம். விடும் மூச்சில், செய்யும் வேலையில், அந்த நிமிடத்தில் மனதை வைப்பது. அவ்வளவுதான்!

அருவியில் கவலை மறப்பது ஏன்?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும். தென்காசிப் பக்கம் குளிர்ந்த காற்று வீசும். சாரல் தூறும். உடனே குற்றாலத்துக்குக் கூட்டம் கிளம்பிவிடும். அருவியில் போய் நிற்பார்கள்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் முதலில் மூச்சுத் திணறும். நெஞ்சு படபடக்கும். (இருதய நோய் உள்ளவர்களும் ரத்தக் கொதிப்பு அதிகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அருவிக்கடியில் நிற்கக் கூடாது. இந்தப் படபடப்பு அவர்களுக்கு ஆபத்து.) கொஞ்ச நேரத்தில் உடம்பு பழகிவிடும். அப்புறம் நடப்பதுதான் விசேஷம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கையில் செல்போன் இருக்காது. மூக்கில் தண்ணீர் ஏறிவிடாமல் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துப் பார்த்து விட வேண்டும். கோர்ட்டு வழக்கு, நகைக் கடன், பையனுடைய மார்க்கு, எதுவும் அப்போது நினைவுக்கு வராது. மூச்சும் தண்ணீரும்தான்!

"போதும், நகருங்கள்! மற்றவர்களும் குளிக்கட்டும்" என்று குரல் வரும். வெளியே வந்து தலையைத் துவட்டி, பஸ் ஏறி, தென்காசி போய்ச் சேர்வதற்குள் பழைய கவலை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சுமார் 5 கிலோ மீட்டர்தான்.

அந்த அமைதியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதா? முடியும். ஆனால் அதற்கு முன்னால், கவலை உடம்பை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

புலி இல்லை, ஆனாலும் பயம்

காட்டில் ஒருவன் எதிரே புலி வந்தால் என்ன ஆகும்? அவன் ரத்தத்தில் "அட்ரினலின்", "கார்டிசால்" என்ற ரசங்கள் சுரக்கும். இருதயம் வேகமாக அடிக்கும். ரத்த அழுத்தம் ஏறும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிவிடும். ஓடித் தப்பியதும் எல்லாம் அடங்கிவிடும். இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு.

இன்றைக்குப் புலி வருவது இல்லை. பாங்கியில் இருந்து நோட்டீசு வருகிறது. உடம்புக்கு வித்தியாசம் தெரியாது! அதே ரசம், அதே படபடப்பு. புலி போய்விடும், நோட்டீசு போகாது. மாதக்கணக்கில் இப்படியே இருந்தால் தூக்கம் கெடும். தலைவலி வரும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம்.

தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் ஏராளமான பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். காலையில் மடியில் சுளகை வைத்தால், இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, பொழுது சாயும் வரை வேலை. கைக்கு வேலை பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டுகூடச் சுற்றுவார்கள். மனதுக்கு வேலை இல்லை. அது குழுக் கடனுக்கும், மகளின் கல்யாணத்துக்கும், மாமியார் நேற்றுச் சொன்ன சொல்லுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுவதும் புலிக்குப் பயந்து ஓடுவதுபோலத்தான் இது.

ஒரு திராட்சைப் பழம்

1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்ற விஞ்ஞானி ஒரு வகுப்புத் தொடங்கினார். மருந்து சாப்பிட்டும் வலியும் கவலையும் தீராத நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். 8 வாரப் பயிற்சி. அவர் செய்த ஒரு காரியம் வேடிக்கையானது. உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் கொடுப்பார். அதைப் பார்க்க வேண்டும். தடவ வேண்டும். முகர வேண்டும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மென்று தின்ன வேண்டும். ஒரு திராட்சையைத் தின்ன பல நிமிடம்!

குற்றாலத்துக்காரர்களுக்குத் திராட்சை எதற்கு? சீசனில் மங்குஸ்தான் கிடைக்கிறது. ஆனால் அதை இன்று எப்படித் தின்கிறார்கள்? ஒரு கையில் பழம். மறு கையில் செல்போன். செங்கோட்டைக்குப் பக்கத்தில் "பார்டர் பரோட்டா" சாப்பிட ஊர் ஊராக வருகிறார்கள். பரோட்டா வந்ததும் அதைப் படம் எடுக்கிறார்கள்!

கபாட்-ஜின் இந்த முறையைப் புத்த மதத் தியானத்தில் இருந்து எடுத்தார். புத்தர் மூச்சைக் கவனிக்கச் சொன்னவர். நம் திருமூலரும் திருமந்திரத்தில் மூச்சுப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. தியானம் கற்றுக்கொடுத்தவர் அல்ல. ஆனால் கம்பர் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், திரும்பத் திரும்பப் பாடிச் சொல் சொல்லாக ரசிப்பார். கேட்பவர்களும் நேரம் போவது தெரியாமல் இருப்பார்கள். கவனத்துக்கு அது ஒன்றே போதுமான பாடம்.

பலன் உண்டா?

உண்டு. ஆனால் அளவோடுதான். 2014-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 3,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனைகள் அவை. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைந்தன. மருந்தைவிடவோ உடற்பயிற்சியைவிடவோ தியானம் மேலானது என்று தெரியவில்லை. 2022-ல் பதற்ற நோய் உள்ள 276 பேரைக் கொண்டு மற்றொரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு மாத்திரை, பாதிப்பேருக்கு 8 வாரக் கவனப் பயிற்சி. இரண்டு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது.

"சகல நோயும் பறந்துவிடும்" என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். வட்டிக் கடன் மூச்சு விடுவதால் தீராது. பீடிச் சுற்றும் கூலியும் அதனால் உயராது. அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்லவும், ராத்திரி கொஞ்சம் தூங்கவும் இது உதவும்.

செய்யும் விதம்

நாற்காலியிலோ பாயிலோ நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம். மூக்கு நுனியில் காற்று போவதையும் வருவதையும் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

பத்து மூச்சு போவதற்குள் மனம் சந்தைக்குப் போய்விடும். போகட்டும்! "சே, எனக்கு இது வராது" என்று திட்டிக்கொள்ள வேண்டாம். போய்விட்டது என்று தெரிந்ததும் மெதுவாகத் திரும்பக் கூட்டி வாருங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை கூட்டி வாருங்கள். அப்படிக் கூட்டி வருவதுதான் பயிற்சியே. இது தெரியாமல் பலர் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சின்னச் சோதனை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்து, நீளமாக மெதுவாக விடுங்கள். விடும்போது நாடி சற்று மெதுவாக அடிப்பது பலருக்குக் கையிலேயே தெரியும். மூளையில் இருந்து இருதயத்துக்குப் போகும் "வேகஸ்" என்ற நரம்பின் வேலை இது.

தினமும் 10 நிமிடம் போதும். அதுவும் கிடைக்காத தாய்மார்கள், ஒரு கட்டு பீடி முடிந்ததும் கையை நிறுத்தி மூன்று மூச்சைக் கவனிக்கலாம். பாத்திரம் தேய்க்கும்போது தண்ணீரின் குளிர்ச்சியைக் கவனிக்கலாம். தென்காசி காசி விசுவநாதர் கோவிலுக்குப் போகிறவர்கள், கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோவில் அது. மகன் எதிர்த்துப் பேசியதும் கை ஓங்குகிற தகப்பனார், ஓங்குவதற்கு முன் ஒரு மூச்சை முழுசாக விட்டுப் பார்க்கலாம். அந்த ஒரு மூச்சுதான் பொங்குமாங்கடல்!

வெள்ளம் வந்தால்?

மலையில் பெருமழை பெய்தால் பொங்குமாங்கடலாலும் தண்ணீரின் வேகத்தைத் தணிக்க முடியாது. அப்போது அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளிக்கப் போன 17 வயதுப் பையன் ஒருவன் உயிர் இழந்தான். வெள்ளத்தில் நின்று தைரியம் காட்டக் கூடாது. விலகி வர வேண்டும்.

மனநோயும் அப்படித்தான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய துன்பம் ஏதாவது மனதில் ஆழமாகக் கிடப்பவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் சில சமயம் பயம் அதிகமாகும். அவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.

வீட்டில் இருந்தே பேச விரும்புகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். "டெலி மானஸ்" என்ற இந்த மனநல உதவியை 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.