புது அலமாரி விடும் மூச்சு

ப்ளைவுட் கடையில் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி பட்டா ஊதிருமாண்ணே?" ஆசாரியிடம் பதில் தயாராக இருக்கும். "கிச்சனுக்கு மரைன் போட்டுக்கலாம் சார். பெட்ரூமுக்கு எம்.ஆர். போதும், அங்க எங்க தண்ணி படப்போகுது?" கணக்கு சரிதான், செலவும் குறையும். ஆனால் எம்.ஆர். பலகையை ஊதவைக்கும் அதே வேதியியல்தான் படுக்கையறைக் காற்றையும் கெடுக்கிறது. அதைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

எம்.ஆர். ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகிய மூன்றிலும் மரத்தைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். மலிவு. நிறமில்லை. சூடான அழுத்த எந்திரத்தில் சட்டென்று இறுகிவிடும். இதன் பலவீனம், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இறுகிய பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்வது. அவிழும்போது ஃபார்மால்டிஹைடு மறுபடி வாயுவாக வெளியேறுகிறது. இதற்காகத் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை; கடலோர ஊரின் சாதாரணக் காற்றில் இருக்கும் ஈரமே போதும். தொழிற்சாலையில் பிசினோடு சேராமல் மிச்சம் நின்றதும் கூடவே கசியும். மரைன் என்று சொல்லப்படும் பலகையில் இருப்பது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின். பெயரில் அதே ஃபார்மால்டிஹைடு இருந்தாலும் அதன் பிணைப்பு ஈரத்துக்கு அசைவதில்லை. வெளிவிடும் வாயுவும் மிகக் குறைவு. மரைன் பலகையின் விளிம்பில் கோடுகள் கருஞ்சிவப்பாகத் தெரிவது இந்தப் பிசினால்தான். நிறத்தை மட்டும் நம்பி வாங்கிவிடவும் முடியாது என்பது வேறு விஷயம்.

ஃபார்மால்டிஹைடின் கொதிநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். அதாவது நம் வீடுகளில் அது எப்போதும் வாயுதான். தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். மருத்துவக் கல்லூரியில் உடல்களைக் கெடாமல் வைக்கும் திரவம். 2018-ல் மீனில் கலந்திருக்கிறது என்று சென்னை மீன் சந்தைகளையே பதறவைத்தது இதே பொருள்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்குப் பரிந்துரைத்த வரம்பு, 30 நிமிடச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதற்கு மேல் போகப் போகக் கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இன்னும் சிரமம்.

பெயிண்ட் வாசம் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பது இயல்பு. எனாமல் பெயிண்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் முதல் சில வாரங்களில் பெருமளவு ஆவியாகிவிடும். மூக்குக்கு எட்டுவது அவைதான். பலகையின் கதை வேறு. அது வருடக்கணக்கில் நீளும். இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸையும் மிசிசிப்பி கடற்கரையையும் புரட்டிப்போட்ட பிறகு, வீடிழந்த குடும்பங்களுக்கு அரசின் பேரிடர் முகமை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. சக்கரம் வைத்த சின்னப் பெட்டிகள். சுவர், அலமாரி, கட்டில் அடிப்பலகை என எங்கும் ஒட்டுப்பலகை. காற்றுக்கு வழியோ குறைவு. கொஞ்ச நாளில் புகார்கள் வரத் தொடங்கின: மூக்கில் ரத்தம், தலைவலி, விடாத இருமல். முகமை நெடுநாள் அசைந்துகொடுக்கவில்லை. ஒருவழியாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வீடுகளில் காற்றை அளந்தது. சராசரி நூறு கோடிக்கு 77 பங்கு, உச்சம் 590. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை இதே அலகில் சொன்னால் ஏறக்குறைய 80. சராசரியே வரம்பைத் தொட்டு நின்றது. உச்சமோ ஏழு மடங்கு. அளந்தது குளிர்காலத்தில், அதுவும் புயலடித்து இரண்டு வருடம் கழித்து என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வெயில் ஏறினால் அளவும் ஏறும் என்பதால், கோடைக்கு முன்பே ஆட்களை வேறு இடங்களுக்கு மாற்றச் சொன்னது மையம்.

அந்த டிரெய்லர்களை அரசு பிறகு ஏலம் விட்டது, குடியிருக்க அல்ல என்று ஸ்டிக்கர் ஒட்டி. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டபோது, துப்புரவுக்கு வந்த தொழிலாளர்கள் சிலர் தங்கியிருந்தது அவற்றில்தான். ஸ்டிக்கரைக் கிழிக்க எவ்வளவு நேரமாகும்? அதே வருடம் ஒட்டுப்பலகை வெளிவிடும் வாயுவுக்கு அமெரிக்கா நாடு முழுமைக்குமான சட்டம் கொண்டுவந்தது.

ஜப்பான் முந்திக்கொண்டது. புது வீட்டில் குடியேறியதும் வரும் உபாதைகளுக்கு அங்கே 'சிக் ஹவுஸ்' என்றே பெயர் நிலைத்திருந்தது. 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டடச் சட்டத் திருத்தம் பலகைகளுக்கு நட்சத்திரத் தரம் பிரித்தது. நான்கு நட்சத்திரம் பெற்ற பலகையை மட்டுமே அளவுக் கட்டுப்பாடின்றி உள்ளே பயன்படுத்தலாம். வீட்டுக் காற்றில் பாதி மணிக்கொரு முறை மாறும்படி விசிறி அமைப்பதும் கட்டாயமானது. குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கட்டடங்களில் பயன்படுத்தவும் தடை வந்தது. இங்கே கரையான் மருந்து அடிப்பவர்களிடம் விசாரித்தால் அந்தப் பெயர் தெரிந்த பெயராகவே இருக்கும்.

இந்தியாவில் 2009-ன் தேசியக் காற்றுத்தர அளவுகள் 12 மாசுகளைப் பட்டியலிடுகின்றன. பென்சீன் உண்டு, ஃபார்மால்டிஹைடு இல்லை. அதுவும் வெளிக்காற்றுக்கான பட்டியல். ஆகவே வாயுக் கசிவின் தரத்தைக் குறிக்கும் 'இ1', 'இ0' என்ற எழுத்துகள் பலகையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், அதற்கான சோதனைச் சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்பதும் வாங்குபவர் வேலையாகிறது.

பலகை வந்து இறங்கிய பிறகும் செய்ய இருக்கிறது. வாயு அதிகம் கசிவது மைக்கா ஒட்டிய முகத்திலிருந்து அல்ல. அறுத்த விளிம்பு, கீல் பதிக்கத் தோண்டிய குழி, சுவரைப் பார்க்கும் பின்பக்கம் ஆகிய பச்சைப் பரப்புகளிலிருந்து. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று ஆசாரி விட்டுவிடுவது இவற்றைத்தான். நான்கு விளிம்புக்கும் எட்ஜ் பேண்ட் ஒட்டி, பின்பக்கமும் லேமினேட் போடச் சொன்னால் கூலி கொஞ்சம் கூடும், கசிவு நன்றாகக் குறையும்.

வேலை முடித்த ஃபிளாட்டை மூன்று மாதம் பூட்டிவைத்தால் வாசம் அடங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூட்டிய வீட்டில் வாயு போக இடமில்லாமல் மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிறகு அங்கிருந்து மெதுவாகத் திரும்பும். அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துபோட்டு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. இதில் உதவாது, அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். வாசம் போக வெங்காயத்தை நறுக்கித் தண்ணீரில் போட்டுவைத்தால் வெங்காய வாசம் வரும், அவ்வளவுதான்.

மிச்சமிருப்பது தொட்டிச் செடி. 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வு, மூடிய சின்ன அறைகளுக்குள் செடிகள் இந்த வாயுக்களை உறிஞ்சுவதாகக் காட்டியது. நர்சரிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் மணி பிளான்ட் விற்கிறார்கள். 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் வரை வேண்டியிருக்கும் என்று வந்தது. பத்துக்குப் பத்து அடி படுக்கையறைக்குக் குறைந்தபட்சம் 90 தொட்டிகளுக்கு மேல். கட்டிலை வெளியே எடுத்தால் வைக்கலாம்.