குட்டி ஆர்.என்.ஏ. குறிவைப்பது எதை?

ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா தொல்லை தராமல் குடியிருக்கிறது. அதுவே காயத்தின் வழியே உள்ளே போனால் சீழ்க்கட்டியில் தொடங்கி ரத்தத் தொற்று வரை கொண்டுபோய்விடும். எப்போது நச்சைச் சுரப்பது என்று அந்தக் கிருமிக்குள் முடிவு செய்பவற்றுள் ஒன்று, 514 எழுத்து நீளமுள்ள ‘ஆர்.என்.ஏ.-3’.

அதன் வேலை என்ன?

ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து செல்கிறது. ஒழுங்குபடுத்தும் ‘குட்டி ஆர்.என்.ஏ.’ அந்தத் தூதின் மேல் ஒட்டிக்கொண்டு, உற்பத்தியைத் தடுக்கும் அல்லது கூட்டும். கிருமிகள் பெருகியதும் ஆர்.என்.ஏ.-3 இரண்டையும் செய்கிறது. ‘புரதம் ஏ’வுக்கான தூதில், புரதத்தைச் செய்யும் ரைபோசோம் அமரும் இடத்தை அடைக்கிறது. ஆல்பா நச்சுக்கான தூது தன்மேலேயே மடிந்து அந்த இடத்தை மறைத்திருக்கும். அதன் மடிப்பை ஆர்.என்.ஏ.-3 அவிழ்த்துவிடுகிறது.

இலக்கைக் கண்டறிவது ஏன் கடினம்?

பல நேரங்களில் பிடிப்பைத் தொடங்கிவைப்பது ஏழெட்டு எழுத்துகள்தான். நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட, சுமார் 28 லட்சம் எழுத்துள்ள மரபணுத் தொகுதியில், ஏழெழுத்துத் தொடர் எதுவானாலும் தற்செயலாகவே நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரலாம். ‘கோப்ராஆர்.என்.ஏ.’ போன்ற மென்பொருள்கள், உறவுக்கார பாக்டீரியாக்களிலும் அதே இலக்கு தென்படுகிறதா என்று ஒப்பிட்டுப் பட்டியலைச் சுருக்குகின்றன. ஆனாலும் பட்டியலில் உள்ள குட்டி ஆர்.என்.ஏ.-தூது ஜோடிகள் செல்லுக்குள் சந்தித்தன என்பதற்கு அது சான்றாகாது.

சந்தித்த ஜோடிகளைச் செல்லிலிருந்தே பிடிக்க வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவில் ஜோடி சேர்த்துவைக்கும் ‘எச்.எஃப்.க்யூ’ புரதத்தைப் பிடித்திழுத்தால், அதோடு ஒட்டியிருக்கும் ஜோடிகளும் கிடைக்கும். ஸ்டஃபைலோகாக்கஸில் அந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கில்லை. அதனால் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு, ஜோடி சேர்ந்த ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஒரு நொதியைப் பிடித்தது. புறஊதா ஒளியால் நொதியையும் ஆர்.என்.ஏ.வையும் பிணைத்து, ஜோடியின் இரு இழைகளையும் ஒன்றாக இணைத்து வாசித்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளியாயின.

எது உறுதியான சான்று?

குட்டி ஆர்.என்.ஏ.வில் சில எழுத்துகளை மாற்றினால் கட்டுப்பாடு அறுபட வேண்டும். தூதிலும் அதற்கு ஈடான எழுத்துகளை மாற்றினால் கட்டுப்பாடு திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது நேரடி இலக்கு.

இலக்குப் பட்டியல் முழுமையாக இல்லாமல் மருந்து தேடுவது ஆபத்து. ஆர்.என்.ஏ.-3-ஐ முடக்கினால் ஆல்பா நச்சு குறையும். ஆனால் நம் எதிர்ப்பொருள்களைச் செயலிழக்கவைக்கும் புரதம் ஏ பெருகும். நாள்பட்ட தொற்றுகளில், ஆர்.என்.ஏ.-3-இன் கட்டுப்பாட்டையே இழந்த கிருமி ரகங்கள் தாக்குப்பிடித்து வாழ்கின்றன.